பெட்போர்டின் பொனட்டுக்குள் எந்த எஞ்சின்?

மாத்தளைப் பக்கம் பழைய லொறி விலை பேசப் போகிறவர் காதில் முதலில் விழுவது, "கம்பனி எஞ்சினுங்க ஐயா, யாரும் கை வைக்கல" என்பதாகத்தான் இருக்கும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் வாங்கிய நாளில் அந்த எஞ்சின்தான் உள்ளே இருந்தது. அவருக்கு விற்றவரும் இதையேதான் சொல்லியிருப்பார். அறுபது வருடத்தில் பல கை மாறிய லொறிக்கு முதல் சொந்தக்காரர் காலத்தில் என்ன நடந்தது என்பது இன்றைய சொந்தக்காரருக்குத் தெரிய வழியில்லை. ஆளை விசாரிப்பதை விட இரும்பை விசாரிப்பதே பலன் தரும்.

விசாரிக்கும் முன் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாக வேண்டும். தொழிற்சாலையில் அந்த லொறியோடு பிறந்த அதே எஞ்சினா? அதே வகை, அதே காலத்து எஞ்சின், ஆனால் வேறு லொறியிலிருந்து கழற்றிப் பூட்டியதா? அல்லது பதிவுப் புத்தகத்தில் இலக்கம் உள்ள எஞ்சினா? மூன்றும் மூன்று கேள்விகள். ஒன்றுக்கு "ஆம்" என்று விடை வந்தால் மற்ற இரண்டுக்கும் அதே விடை என்று முடிவுகட்டிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். சேகரிப்பாளருக்கு முதல் கேள்வி முக்கியம். ஓட்டி மகிழ நினைப்பவருக்கு இரண்டாவது போதும். சட்டத்துக்கு மூன்றாவது மட்டுமே வேண்டும்.

ஏன் இத்தனை எஞ்சின் மாறியது

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். வந்த ரயில் அங்கேயே நின்றுவிட்டது. இன்றும் அந்தப் பாதையின் கடைசி நிலையம் மாத்தளைதான். அதற்கு வடக்கே நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று போகிற சரக்கெல்லாம் ஏ9 வீதியை நம்பியது. கிழக்கே இறத்தோட்டை ஏறி ரிவர்ஸ்டன் தாண்டிப் பல்லேகம போகும் பாதையிலும், எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களிலும், கொழுந்தும் உரமும் மிளகும் ஏற்றிய லொறி பெரும்பாலும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே காலத்தைக் கழித்தது. அப்படி உழைத்த எஞ்சின் நீண்ட நாள் தாங்காது. சேசி தாங்கும், கெபின் தாங்கும், பலகைப் போடியைத் தச்சன் புதுப்பிப்பான். எஞ்சின்தான் முதலில் போகும்.

மாற்று எஞ்சினாக என்ன கிடைத்தது என்பதை அரசாங்கக் கொள்கையும் உலக நிலைமையும் தீர்மானித்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944இல், நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அந்த யுத்த காலத்து இராணுவ லொறிகளின் எஞ்சின்கள் ஒரு தலைமுறை. அடுத்து வந்தது டீசல் ஆசை. பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேர்க்கின்ஸ் பி6 போடும் பழக்கம் பிரித்தானிய லொறி ஓடிய நாடுகள் எங்கும் பரவியது. 1961இல் டாடா நிறுவனம் தன் முதல் ஏற்றுமதி லொறிகளை இலங்கைக்கு அனுப்பியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. அந்த ஏழு வருடமும் ஒரு லொறியைப் பிரித்து இன்னொன்றை ஓட்டிய காலம். 1977க்குப் பிறகு கதவு திறந்து, யப்பானிய ரீகண்டிஷன் எஞ்சின்கள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை முழுமையாகத் திறக்கவில்லை. பழைய லொறிகளின் மதிப்பு அந்த இடைவெளியில் மறுபடி ஏறியது.

ஆகவே பொனட்டைத் திறந்ததும் தெரியும் எஞ்சின் வகையைக் கொண்டே, அது எந்தக் காலத்தில் உள்ளே ஏறியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நிரூபிப்பது வேறு வேலை.

முதலில் புத்தகம்

மோட்டார் வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் இருக்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், எஞ்சினை மாற்றிய சொந்தக்காரர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் செய்தார்கள் என்பது வேறு கதை. புத்தகத்தில் இலக்கம் திருத்தப்பட்டிருந்தால் அது குறையே அல்ல. ஒழுங்காக நடந்த மாற்றத்துக்குச் சாட்சி. பழைய புத்தகத்தின் நகலோ, முந்தைய வருமான அனுமதிப்பத்திரமோ, காப்புறுதித் தாளோ கிடைத்தால் அவற்றையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இலக்கம் எந்த வருடத்தில் மாறியது என்று அவை காட்டிக்கொடுத்துவிடும்.

புத்தகத்தில் எரிபொருள் "பெற்றோல்" என்றிருந்து, பொனட்டுக்குள் டீசல் எஞ்சின் முழங்கினால் மேலே ஆராய ஒன்றுமில்லை. மாற்றம் நடந்திருக்கிறது, பதிவு நடக்கவில்லை. பணம் கைமாறும் முன்பே அதைச் சொந்தக்காரர் பெயரில் சரிசெய்யச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். வாங்கிய பிறகு நாரஹேன்பிட்டியிலும் வேரஹெரவிலும் உள்ள திணைக்கள அலுவலகங்களுக்கு அலைவது புதியவர் தலையில் விழும்.

பிளொக்கில் இரண்டு வகை இலக்கம்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பிளொக்கின் பக்கத்தில் மேடாக எழும்பி நிற்கும் எழுத்தும் எண்ணும் வார்ப்பு இலக்கம். அச்சில் இரும்பை ஊற்றும்போதே வந்தது அது. அந்த அச்சில் பிறந்த எல்லாப் பிளொக்கிலும் அதே எண்தான். எஞ்சின் இலக்கம் என்பது தட்டையாகச் சீவிய ஒரு சிறு பரப்பில் சுத்தியலால் அடித்துப் பதித்தது. பள்ளமாக இருக்கும், ஒரு எஞ்சினுக்கு ஒன்றுதான். புத்தகத்தோடு ஒப்பிட வேண்டியது இந்தப் பள்ளமான எண்ணை. மேடான எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு "பொருந்தவில்லை" என்று நல்ல லொறியைக் கைவிட்டவர்களும் உண்டு.

வார்ப்பு எண் வீணானதல்ல. எஞ்சின் எந்த வகை, சில தயாரிப்புகளில் எந்த நாளில் வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லும். ஷெவ்ரோலெட் ஆறு சிலிண்டர் பிளொக்கில் மாதத்துக்கு ஆங்கில எழுத்து ஒன்று, அதாவது ஜனவரிக்கு முதல் எழுத்து, டிசம்பருக்குப் பன்னிரண்டாவது, பிறகு திகதி, பிறகு வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். ஆறாவது எழுத்து, 12, 4 என்று இருந்தால் யூன் 12. வருடம் 1944ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். எது என்று எஞ்சினின் கன அளவும் வகையும்தான் தீர்க்க வேண்டும். ஆனால் ஒரு விதி எப்போதும் செல்லும்: பிளொக் வார்த்த நாள் லொறி கட்டிய நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதென்றால் அது பிற்பாடு வந்த எஞ்சின், வாதத்துக்கு இடமில்லை.

எண்ணை வெளியே கொண்டுவருவது பொறுமையான வேலை. அறுபது வருட ஒயிலும் தூசும் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். முதலில் மரத்துண்டால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்று நேரம் ஊற விட வேண்டும். அதன்பின் மென்மையான கம்பித் தூரிகை. பெயின்ட் அடித்திருந்தால் பெயின்ட் கரைப்பான். கிரைண்டரையும் முரட்டு உப்புத்தாளையும் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியத்தை அவை அழித்துவிடும். நாளைக்குப் பரிசோதகர் வந்து பார்த்தால் அழித்தவர் நீங்கள்தான் என்றுதான் நினைப்பார்.

பரப்பு தெரிந்ததும் டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், பிளொக்கோடு ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். நேரே ஒளி விழுந்தால் மங்கலான எண் மறைந்துவிடும். சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் காட்டும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கை வாட்டில் தேய்த்து எண்ணைப் படியெடுக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. கைபேசிப் படத்தில் 3 எது 8 எது என்று குழம்பும் இடத்தில் பென்சில் தேய்ப்பு குழம்பாது. மேடான வார்ப்பு எண்ணுக்கு வெள்ளைச் சோக்கே போதும்.

அடுத்தது எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு. தொழிற்சாலையில் சீவிய தளத்தில் மெல்லிய இணைகோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக ஓடும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டிருக்கும். கோடுகள் எண்ணின் அருகில் மட்டும் அழிந்திருந்தாலோ, அந்த இடம் கிண்ணம்போல் சற்றே குழிந்திருந்தாலோ, எண்களில் ஒன்று மட்டும் வேறு உயரத்தில் இருந்தாலோ, யாரோ பழைய எண்ணைத் தேய்த்துப் புதியதை அடித்திருக்கிறார்கள். அது சின்னத் தவறல்ல, குற்றம். அந்த லொறியை எந்த விலைக்கும் தொடாமல் வருவது நல்லது.

எந்தக் குடும்பம் என்று பார்த்தல்

பெட்போர்டின் வரலாறு 1931இல் லூட்டனில் வொக்ஸ்ஹோல் ஆலையில் தொடங்குகிறது. முதல் எஞ்சினே ஷெவ்ரோலெட்டின் ஆறு சிலிண்டரை அடியொற்றியது. அதனால்தான் பழைய பெட்போர்டையும் ஷெவ்ரோலெட்டையும் தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1939இல் வந்த கே, எம், ஓ வரிசை லொறிகளில் இருந்தது 3,519 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சின். கன அங்குலத்தில் 214. "இருநூற்றுப் பதினாலு" என்றால் அதுதான். 1950இல் வந்த பெரிய எஸ் வகைக்கு 4,927 கன சென்ரிமீற்றர், அதாவது 300. 1957இல் அதே 300 அளவில் பெட்போர்டின் சொந்த டீசலும் வந்தது. பழைய கராஜ்களில் இன்றும் பலர் பேசும் மூக்கு நீண்ட ஜே வகை 1958இலும், மூக்கில்லாத டீகே 1960இலும் வந்தன.

ஹெட் கழற்றியிருக்கும் லொறி கிடைத்தால் அது அதிர்ஷ்டம். 214இன் சிலிண்டர் விட்டம் மூன்றேமுக்கால் அங்குலமல்ல, மூன்று அங்குலமும் எட்டில் மூன்றும், அதாவது 85.7 மில்லிமீற்றர். 300இன் விட்டம் 98.4. பேர்க்கின்ஸ் பி6 என்றால் 88.9. வேர்னியர் அளவி ஒன்று போதும், மூன்றும் பிரிந்துவிடும். ஆனால் ரீபோர் செய்திருந்தால் விட்டம் கூடியிருக்கும். பிஸ்டன் தலையில் 020, 030, 040, 060 என்று எதையாவது பதித்திருப்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கூட்டப்பட்டது என்பது. அதைக் கழித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. 060 ரீபோர் செய்த 214 ஏறத்தாழ 87.2 காட்டும், ஒஸ்டினின் 4 லீற்றர் எஞ்சின் 87.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தோன்றும்.

அந்த ஒஸ்டின் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. அதே 4 லீற்றர் ஆறு சிலிண்டர் ஒஸ்டின் ஷியர்லைன் காரிலும் ஓடியது. ஆகையால் ஒஸ்டின் லொறிக்குள் ஒஸ்டின் எஞ்சின் இருக்கிறது என்பதாலேயே அது லொறியோடு வந்தது என்று ஆகிவிடாது.

யுத்த காலத்து ஃபோர்ட் வீ8 இன்னும் சிக்கலானது. அந்தப் பழைய பக்கவால்வ் வீ8இல் பிளொக்கின் மேல் இலக்கம் அடிக்கும் வழக்கமே இல்லை. எண் கியர்பொக்ஸ் உறையிலும் சேசியிலும் இருக்கும். எஞ்சினைத் தனியே மாற்றியிருந்தால் எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் "இலக்கம் பொருந்துது" என்று காட்டினாலும், பொருந்துவது கியர்பொக்ஸ்தான் என்பது நினைவிருக்க வேண்டும்.

ஃபார்கோவும் டொட்ஜும் இந்த விஷயத்தில் தாராளம். பக்கவால்வ் ஆறு சிலிண்டர் பிளொக்கின் இடப்பக்க முன்மூலையில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு மேடையில் எண் இருக்கும். லொறி எஞ்சின் என்றால் ஆங்கில டீ எழுத்தில் தொடங்கும். யுத்த கால டொட்ஜ் இராணுவ லொறியில் டீ214. பெட்போர்டின் 214 வேறு, இது வேறு. அங்கே அது கன அங்குலம், இங்கே அது மொடல் எண். இன்னொரு சோதனைக்கு அளவு நாடா மட்டும் போதும். அமெரிக்காவில் செய்த ஃபார்கோ ஹெட் ஏறத்தாழ 23 அங்குல நீளம், கனடாவில் செய்தது 25. பொதுநலவாய நாடுகளுக்குக் கனடாத் தயாரிப்பு நிறைய வந்தது. கனடாத் தகடு பதித்த லொறியில் 23 அங்குல ஹெட் கண்டால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

பேர்க்கின்ஸ் பி6 பற்றி அவசரத் தீர்ப்பு வேண்டாம். பீட்டர்பரோவில் 1937இல் பிறந்த 4.73 லீற்றர் டீசல் அது. 1950களில் பெட்போர்ட் தொழிற்சாலையே சில மொடல்களைப் பேர்க்கின்ஸ் பூட்டி விற்றது. ஆகவே பெட்போர்டுக்குள் பேர்க்கின்ஸ் இருப்பதால் மட்டும் அது மாற்று எஞ்சின் ஆகாது. புத்தகத்தில் முதல் பதிவிலேயே டீசல் என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றாலும், ஐம்பதுகளில் ஏறி அதே மலையில் பல பத்தாண்டுகள் உழைத்த பி6ஐக் கழற்றி எறிந்துவிட்டு எங்கிருந்தோ ஒரு 214 பிளொக்கைத் தேடிப் பூட்டுவது லொறியின் உண்மையான வரலாற்றை அழிப்பதாகத்தான் முடியும். பிற்காலப் பேர்க்கின்ஸில் பெயரே அளவு: 6.354 என்றால் ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், 4.236 என்றால் நான்கு, 236. எண் எல்டி என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது 1974க்குப் பிந்திய 4.236.

டாடாவிலும் எண்ணே பேசும். 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீற்றர் விட்டம். 697 என்றால் ஆறு, 97. அதற்கும் முந்திய, மெர்சிடிஸ் நட்சத்திரம் பொறித்த டாடாவில் எஞ்சின் எண்ணின் முதல் மூன்று இலக்கம் 312ஆக இருந்தால் மகிழலாம். நட்சத்திரம் போய் டாடாவின் சொந்த முத்திரை வந்தது 1969இல். கிரில்லில் உள்ள முத்திரையை யாரும் மாற்றலாம், 312ஐத் தடயமில்லாமல் மாற்றுவது எளிதல்ல.

யப்பானிய எஞ்சினைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு வேண்டாம். இசுசு என்றால் 4பீஏ1, 4பீசீ2, 4பீடி1. மிட்சுபிஷி என்றால் 4டி30, 4டி31. எண்ணின் தலைப்பிலேயே வகை இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் ஸ்பனரை எடுங்கள். 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் ஸ்பனர்கள் எல்லா நட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்தால் எஞ்சின் யப்பான்காரனுடையது. பழைய பிரித்தானிய எஞ்சினில் மில்லிமீற்றர் ஸ்பனர் ஆடும், அல்லது ஏறவே ஏறாது.

சேசி மறப்பதில்லை

எஞ்சினைத் திரும்பவும் பழையதாக மாற்றி, அதே வகைப் பிளொக்கைத் தேடிப் பூட்டி, "ஒரிஜினல்" என்று விற்கும் வேலையும் நடக்கிறது. அப்போது பிளொக் பேசாது, சேசிதான் பேசும்.

லொறிக்கு அடியில் படுத்து எஞ்சின் மவுண்டிங் உள்ள இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலைத் துளைகள் வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்கும். காஸ் வெட்டியால் இட்ட துளை கோணலாக, ஓரத்தில் உருகிய இரும்பு திரண்டு நிற்கும். ஒரு டீசல் எஞ்சினுக்காக வெல்டிங் செய்து சேர்த்த தாங்கியைப் பிற்பாடு வெட்டி எடுத்தாலும் வெல்டிங் தழும்பு பெயின்டுக்கு அடியில் கோடு காட்டும். விரலை ஓட்டினாலே தெரியும். ஒயில் சம்ப் தட்டுகிறது என்று முன் குறுக்குச் சட்டத்தைக் குடைந்திருப்பார்கள். ரேடியேட்டரை முன்னே தள்ளியிருப்பார்கள். பழைய தாங்கித் துளைகள் சும்மா கிடக்கும். கெபின் தரையில் கியர் லீவர் துளையை அடைத்துப் பக்கத்தில் புதுத் துளை போட்டிருப்பார்கள்.

டாஷ்போர்டும் உளறிவிடும். பெற்றோல் லொறிக்குச் சோக் குமிழ் உண்டு; டீசல் லொறிக்கு எஞ்சினை அணைக்கும் கம்பி உண்டு. இரண்டுக்கும் துளை இருந்தால் இரண்டும் ஒரு காலத்தில் இருந்திருக்கின்றன. முன்சுவரில் இக்னிஷன் கொயில் பொருத்திய இரண்டு திருகுத் துளைகள், அவற்றுக்குக் கீழே டீசல் வடிகட்டி மாட்டிய வேறு இரண்டு. பட்டரிப் பெட்டி இரண்டு பட்டரிக்கு அகலப்படுத்தப்பட்டிருந்தால் 24 வோல்ட் யப்பானிய எஞ்சின் ஒன்று அங்கே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம்.

விலை பேசும்போது

மூன்று தாள்களோடு உட்கார வேண்டும்: எஞ்சின் இலக்கத்தின் பென்சில் படி, சேசி இலக்கத்தின் பென்சில் படி, பதிவுச் சான்றிதழின் நகல். மூன்றும் பொருந்தி, எஞ்சின் இலக்கம் முதல் பதிவிலிருந்தே மாறாமல் இருந்தால் சேகரிப்பு விலை கேட்க விற்பவருக்கு உரிமை உண்டு. சேசி பொருந்தி, அதே வகை வேறு எஞ்சின் பதிவோடு இருந்தால் நல்ல லொறி, ஆனால் விலை குறைய வேண்டும். சேசி பொருந்தி யப்பானிய எஞ்சின் பதிவோடு இருந்தால் அது உழைக்கும் லொறி. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்ற இதுவே உகந்தது, 214ஐ விட மேல். சேசி இலக்கமே பொருந்தாவிட்டால் எஞ்சினைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பழைய எஞ்சினைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்கள் முதலில் அதே கராஜின் பின்புறத்தையும் அதே தோட்டத்தின் பழைய கொட்டகையையும் தேட வேண்டும். கழற்றிய பெற்றோல் எஞ்சினை ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்கவோ மர ஆலையை ஓட்டவோ பயன்படுத்திய இடங்கள் நிறைய. கிடைத்த பிளொக்கைத் தூக்கும் முன் கிராங் தாங்கும் பெயரிங் மூடிகள் கூடவே இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அவை பிளொக்கோடு சேர்த்தே ஒரே நேராகக் கடையப்பட்டவை. வேறு எஞ்சினின் மூடியைக் கொண்டுவந்து பூட்டினால் கிராங் சுற்றாது, சுற்றினாலும் பெயரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும். மூடிகள் தொலைந்த பிளொக்குக்குப் பழைய இரும்பின் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.